ஃபாயில் போர்வையா, ஃபாயில் பையா?

முதலுதவிப் பெட்டிக்காக இரண்டையும் வாங்கினேன். ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும்படி மடித்து வரும் மெல்லிய ஃபாயில் போர்வை. இன்னொன்று, அதே வெள்ளிப் பளபளப்பில் ஒருபக்கம் மட்டும் திறந்திருக்கும் பை, ஆள் உள்ளே நுழைந்துகொள்ளலாம். இப்போது என் முதுகுப்பையில் இருப்பது பைதான்.

வேலை இரண்டுக்கும் ஒன்றே. படலத்தின் மேல் பூசிய அலுமினியம், உடம்பிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தில் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். 1964-இல் நாசாவின் தேவைக்காக உருவான பொருள் இது. அது தானாகச் சூடு தராது; இருக்கிற சூட்டை விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

நான் பையின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கிழிசல். போர்வை சுமார் 12 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இழுத்தால் நன்றாகவே தாங்கும். ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டு விழுந்தால் போதும், நெடுகப் போய்விடும். ஒருமுறை மலைப்பாதையில் நண்பருக்குக் கால் பிசகிவிட்டது. மழையில் நனைந்திருந்தோம். போர்வையைப் போர்த்தி உதவிக்காகக் காத்திருந்தபோது காற்று கிளம்பியது. போர்வை படபடவென்று அடித்துக்கொள்ள, அவர் இரண்டு கையாலும் கழுத்தருகே இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் விறைத்ததும் பிடி தளர்ந்து முதுகுப்பக்கம் திறந்துகொண்டது. அப்புறம் ஓரம் முள்ளில் மாட்டி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே கிழி. உள்ளே சேர்ந்த இளஞ்சூடு ஒரே வீச்சில் போயிற்று. காற்று உள்ளே புகுந்துவிட்டால் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பி என்ன பயன்?

பையில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலையே இல்லை. என்னுடையது பாலித்தீன், கிழிவதற்கு முன் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். எடை 100 கிராமுக்குச் சற்று மேல், போர்வையைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மறுபடி மடிப்பதிலும் பைதான் மேல். போர்வையை இரண்டுமுறை மடித்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: மடிப்புக் கோடுகளில் வெள்ளி உதிர்ந்து ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி தெரிந்தது.

சரி, போர்வை தோற்கிற பொருள் இல்லை. அடிபட்டு அசைக்க முடியாதவரைப் பைக்குள் நுழைக்க முயலக் கூடாது, அங்கே போர்வைதான். இருவர் ஒட்டி உட்கார்ந்து போர்த்திக்கொள்ளலாம், கட்டி மழைமறைப்பாக்கலாம். வண்டியில் வைக்க இடமிருந்தால் கம்பளியும் சேரட்டும். ஈரமானாலும் அதில் ஓரளவு சூடு நிற்கும்.

பையின் குறை வியர்வை. ஆவி வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் நீர் கோக்கும். பையின் வாயைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும், முகத்தை மூடவே கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் அதற்குள் இருந்ததில்லை, எனவே முழு இரவைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். தரைக்குளிரை இரண்டுமே தடுக்காது. அடியில் பாயோ காய்ந்த சருகோ முதுகுப்பையோ எதையாவது போட்டே ஆக வேண்டும். நெருப்பின் பக்கம் இரண்டையும் கொண்டுபோகாதீர்கள்.

பயன்படுத்திய பிறகு பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயவைத்துச் சுருட்டி வைக்கிறேன். பழைய மடிப்பிலேயே திரும்ப மடிப்பதில்லை.