ஊசி, பட்டி, மணல் போத்தல்: முழங்கை வலியோடு மூன்று வருடம்

டென்னிஸ் மட்டையை நான் பார்த்ததே தொலைக்காட்சியில்தான். ஆனாலும் என் வலது முழங்கை வலிக்கு வைத்தியர் துண்டில் எழுதிய பெயர் டென்னிஸ் எல்போ. மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு சேர்த்துத் தையற்கடை நடத்துகிறேன். பாடசாலை தொடங்கும் காலத்தில் சீருடைத் துணி வந்து குவியும். ஆறேழு மடிப்பாகப் போட்டு, மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டித் தள்ளியதன் பலன் இது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால்கூட முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுரீரென்று இழுக்கும். ஈரத்துணி பிழிய மகளைக் கூப்பிட வேண்டும்.

முதலில் போனது எலும்பு முறிவு, சுளுக்குப் பார்க்கும் நாட்டு வைத்தியரிடம். சூடான எண்ணெய் பூசி, துணி சுற்றி, "இரண்டு கிழமைக்குக் கையை அசைக்கக் கூடாது, பிள்ளை" என்றார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன். கட்டை அவிழ்த்தபோது வலி குறைந்திருந்தது, கைப்பிடியின் பலமும் குறைந்திருந்தது. கத்தரிக்கோலைத் தொட்ட மூன்றாம் நாள் பழைய கதைதான்.

அடுத்தது ஸ்டீரொயிட் ஊசி. மாமாங்கக் கோயில் திருவிழா தொடங்கும் நேரம், ஒரு தனியார் கிளினிக்கில் போட்டேன். நான்கே நாளில் கை புதுக்கை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போன இடத்தில் கண்டவர்களிடமெல்லாம் ஊசியின் புகழ் பாடினேன். தீபாவளித் தையல் தொடங்கியதும் வலி திரும்பியது, முன்பைவிட மோசமாக. புத்தி வராமல் இரண்டாவது ஊசியும் போட்டேன். அது மூன்று கிழமைதான் தாங்கியது. ஊசி ஏறிய இடத்தில் தோல் வெளிறி, நாணயக்குற்றி அளவில் ஒரு திட்டு விழுந்தது. இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் அரசாங்க வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவு. இலவசம், ஆனால் அரை நாள் வரிசை. அங்கிருந்த பிள்ளை சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "அக்கா, மணிக்கட்டை மேலே தூக்கும் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது. ஊசி வலியை அடக்கும், நைந்ததைத் தைக்காது." தையல்காரிக்கு வேறு விளக்கம் தேவையா? 2013இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றையும் சொன்னாள். 165 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வில், ஸ்டீரொயிட் ஊசி போட்டவர்களில் 54 வீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியதாம். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 12 வீதமானோருக்குத்தான்.

அவள் தந்த பயிற்சிக்குச் செலவே இல்லை. முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். கையில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். இடக்கையால் மேலே தூக்கிவிட்டு, வலக்கையால் மட்டும் நான்கு எண்ணும் வரை மெல்ல இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. செய்யும்போது இலேசாக வலிக்கலாம், மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் குறைக்க வேண்டும். முதல் ஆறு கிழமை ஒரு மாற்றமும் தெரியாமல் வெறுத்துப்போனேன். மூன்றாம் மாதம் கதவுத் தாழ்ப்பாளை யோசிக்காமலே திறந்துவிட்டு, பிறகுதான் அதைக் கவனித்தேன். தண்ணீரை ஊற்றிவிட்டு, கல்லடிக் கடற்கரை மணலை நிரப்பினேன். ஏறக்குறைய 800 கிராம் வரும்.

முழங்கைப் பட்டியும் வாங்கினேன். ஒரு மாதம் அதை வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டியிருக்கிறேன்! இரண்டு விரற்கிடை கீழே, தசையின் மேல் கட்ட வேண்டுமாம். வெட்டும் நேரத்துக்கு உதவுகிறது, குணமாக்காது. கொழும்புக்குப் போய் அதிர்வலை சிகிச்சை எடுக்கவும், சொந்த இரத்தத்தைப் பிரித்து ஊசியாக ஏற்றவும் சிலர் சொன்னார்கள். இரண்டிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அறிந்ததும் பஸ் காசை மிச்சம் பிடித்தேன்.

எரிச்சலூட்டும் விடயம் ஒன்றும் உண்டு. இந்த வலி பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்தில் தானாகவே தணிந்துவிடுமாம். என் மச்சாளுக்கு ஒன்றுமே செய்யாமல் பத்து மாதத்தில் போய்விட்டது. ஆனால் அவள் துணி வெட்டுவதில்லை.

இப்போது கத்தரிக்கோலை மாதம் ஒருமுறை சாணை பிடிக்கிறேன், மூன்று மடிப்புக்கு மேல் போடுவதில்லை, சோற்றுப் பானையை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குகிறேன். சீருடைக் காலத்தில் மாலையானால் கை கொஞ்சம் கனக்கும். மணல் போத்தல் மெசினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோலின் வெளிறிய திட்டில் பாதிதான் மறைந்திருக்கிறது.