கும்பகோணத்துக்கு வந்திருக்கும் கானோ நீலத்துணி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நைஜீரியாவின் கானோ நகரத்துச் சாயத்துணி என்று சொல்லி கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு சிறிய கைத்தறிக் கடை இரண்டு சரக்கு விற்கிறது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த பருத்தி, மீட்டர் 950 ரூபாய். காகிதத்தில் சின்னதாக மடித்த தலைப்பாகைத் துணி, ஒன்று 4,800 ரூபாய். இரண்டுக்கும் ஒரே விளக்கச்சீட்டு ஒட்டியிருப்பது தப்பு. இரண்டும் வேறு வேறு ஜாதித் துணி.

முதலாவது, கானோவின் கோஃபர் மாத்தா என்ற நகர வாசலருகே உள்ள சாயக்குழிகளின் வேலை. அவை 1498-இல் தொடங்கியவை என்பது அவ்வூர் வழக்கு. ஆழமான வட்டக் குழியில் அவுரி (நீலச்சாயம் தரும் செடி), விறகுச் சாம்பல், பொட்டாஷ், தண்ணீர் எல்லாம் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். துணி தொட்டியிலிருந்து பச்சையாகத்தான் வெளியே வரும், காற்றுப் பட்ட பிறகே நீலம். முக்கி, ஆற்றி, மறுபடி முக்கி என்று திருப்பித் திருப்பிச் செய்தால்தான் கருநீலம் ஏறும். அவசரத்தில் கெட்டிச் சாயத்தில் ஓரிரு முக்கோடு விட்டால் நிறம் மேலாக மட்டும் படிந்து, உரசினாலே கையில் வரும்.

இரண்டாவது, கானோவுக்குத் தெற்கே கூரா ஊர் பேர் வாங்கிய ரகம். மிகக் குறுகலான பட்டைகளை நெய்து, தைத்துச் சேர்த்து, சாயமேற்றி, மேலே அவுரிப்பொடி தூவி மரக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். உலோகம் மாதிரி மினுக்கு வரும். சகாராவின் துவாரெக் மக்கள் இதைத்தான் முகத்திரையாகக் கட்டுகிறார்கள். நீலம் தோலில் ஒட்டுவது அவர்களுக்குப் பெருமை, நமக்கு வெள்ளை வேட்டி பாழ். தண்ணீர் பட்டால் மினுக்கு போய்விடும். வியர்வை ஊறும் டெல்டா வெயிலுக்கு இது ஆகாது. கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டுமானால் வாங்கலாம்.

சீட்டில் வரலாறு இரண்டே வரி. அதில் கடை கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கானோவை ஆண்ட முகம்மது ரும்ஃபா அமைத்தது கூர்மி சந்தை. அங்கிருந்து அந்தப் பகுதி ஹௌசா இன வணிகர்களின் துணி ஒட்டகத்தில் ஏறி, மேற்கே திம்புக்டு வரைக்கும் வடக்கே திரிப்போலி வரைக்கும் போனது. 1851-இல் வந்த ஜெர்மானியப் பயணி ஹைன்ரிச் பார்த், கானோவின் துணி ஏற்றுமதியை ஆண்டுக்கு 30 கோடி சோழி என்று மதிப்பிட்டார்; அன்று அங்கே சோழிதான் காசு. அந்தச் சோழியில் பெரும்பகுதி நம் பக்கத்து மாலத்தீவுக் கடலில் பொறுக்கியது! இன்று அதே நகரத்தின் காந்தின் குவாரி துணிச்சந்தையில் சீன ஆலைத்துணி மலையாகக் கிடக்கிறது. குழிக்காரர்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

அச்சடித்த போலியும் இருப்பதால் பார்த்து வாங்குங்கள். முடிச்சுத் துணியில் வெள்ளைக் கோலம் முன்பக்கம் போலவே பின்பக்கமும் தெரிய வேண்டும், ஓரம் கொஞ்சம் கசிந்திருக்க வேண்டும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சு. ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் கட்டியானால் பாலியஸ்டர் கலப்பு. பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை தேயுங்கள். லேசான நீலம் வருவது இயல்பு, திட்டாக வந்தால் வேண்டாம். “இயற்கைச் சாயம்தானே?” என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. ஆலை அவுரியும் செடி அவுரியும் ரசாயனத்தில் ஒரே நீலம், வீட்டுச் சோதனையில் பிரியாது.

தைக்கும் முன்பே நனையுங்கள், சுருங்கும். முதல் அலசலில் பக்கெட் தண்ணீருக்கு அரை டம்ளர் வினிகர் ஊற்றினால் துணியில் தங்கிய சாம்பல் காரம் போகும், விறைப்பும் தளரும். பிறகு தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் நல்லது. பிளீச்சிங் பவுடர் பட்ட இடம் வெளுத்தால் மறுபடி நீலமாகாது. தொட்டி நாற்றம் நாலைந்து நாள் காற்றில் போட்டால் போய்விடும்.

கால் மீட்டர் வெட்டித் தரக் கடைக்காரர் சம்மதிக்கிறார். அதை வீட்டில் துவைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.