14,500 ரூபாய்க்கு வந்த இதயத் துடிப்புப் பட்டை, தண்ணீர் கேனுக்கும் துடிப்பு காட்டுகிறது

இணையத்தில் ஓட்டப் பயிற்சி தருகிறோம் என்று என்னிடம் பணம் வாங்கியவர்கள் நேற்று ராத்திரி 11 மணிக்கு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 42. சென்னையில் வேலை. அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தடை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தோம். 5 கிலோமீட்டர், 15 தடைகள். சுவர் ஏறணும், கயிறு ஏறணும், மங்கி பாரில், அதாவது தலைக்கு மேல் வரிசையாக இருக்கும் கம்பிகளில், தொங்கிப் போகணும், மணல் மூட்டை தூக்கணும், சேற்றில் தவழணும். எனக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். சரி, ஒழுங்காகப் பயிற்சி எடுப்போம் என்று தேடும்போதுதான் படம் போடும் செயலி ஒன்றில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இதயத் துடிப்பை வைத்து 12 வாரப் பயிற்சி, உங்களுக்கென்றே தயாரித்த அட்டவணை, நெஞ்சில் கட்டும் பட்டை இலவசம். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். மேலே சிவப்பில் 'இன்னும் 3 இடங்கள் மட்டுமே'.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. வீடியோ காலில் முக்கால் மணி நேரம் பேசினேன். பயிற்சி தருகிறேன் என்று பேசிய பையனுக்கு முப்பது வயது இருக்கும். எடுத்த எடுப்பிலேயே "அண்ணா, வீட்ல யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருக்கா?" என்று கேட்டான். அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ் நடந்ததைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நாம மெதுவாத்தான் போவோம் அண்ணா, அவசரமே இல்ல" என்றான். அப்புறம் என் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைக்கச் சொல்லி, அவன் பக்கம் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ண வைத்தான். 17 வந்தது. "நாலால பெருக்குங்க, 68. நல்ல நம்பர் அண்ணா." அவ்வளவுதான், நான் விழுந்த இடம் அது. "அண்ணான்னு கூப்பிட்டதும் உருகிட்டீங்க" என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு அவன் சொன்னது எதுவும் பொய் இல்லை. தடை ஓட்டத்தில் வெறும் ஓட்டம் மட்டும் ஆளைக் கவிழ்ப்பதில்லை. ஒவ்வொரு தடையிலும் துடிப்பு சட்டென்று எகிறும், அடுத்த தடைக்கு ஓடுகிற நேரத்துக்குள் அது இறங்க வேண்டும், இறங்காதவன் எட்டாவது தடையில் உட்கார்ந்துவிடுவான். அதனால் முதலில் பல வாரம் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடி அடித்தளம் போட வேண்டும், கடின ஓட்டம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். இதெல்லாம் சரிதான். கையில் கட்டும் வாட்ச் ஒளியை வைத்து அளக்கும், கம்பியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் அளவு தப்பும், நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின் அசைவையே பிடிக்கும் என்றான். அதுவும் சரி. உண்மையையே தூண்டில் புழுவாகக் கோத்தால் யார்தான் கடிக்க மாட்டார்கள்?

இரண்டு தவணையாகக் கட்டட்டுமா என்றேன். "சீட் போயிடும் அண்ணா." யுபிஐயில் அனுப்பப் போனால் வேறு யாரோ ஒருவர் பெயர் காட்டியது. "அவங்க நம்ம அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவங்க." அங்கேயே நிறுத்தியிருக்கணும். முழு 14,500-ஐயும் அனுப்பினேன்.

பட்டை 11 நாள் கழித்து வந்தது. மஞ்சள் கவர், உள்ளே ஒரு குறிப்புத் தாள்கூட இல்லை. அவர்கள் அனுப்பிய லிங்க்கில் இருந்து ஒரு ஆப் இறக்கி இணைத்தேன். அட்டவணையில் எனக்கு இரண்டாம் ஜோன், அதாவது மெதுவாக ஓடும்போது நிமிஷத்துக்கு இருக்க வேண்டிய துடிப்பு, 118 முதல் 137 வரை என்று இருந்தது. ஓடினேன், 131. இன்னும் வேகமாக ஓடினேன், 133. ஆப்பில் வந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், "சூப்பர் அண்ணா, ஜோன் 2லதான் இருக்கீங்க, ஸ்பீடு கூட்டுங்க" என்று பதில். கூட்டினேன்.

ஒன்பதாம் நாள் காலை, மெரினா மணலில், ஆறு மணிக்கே வியர்வை ஊற்றுகிற புழுக்கம். கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். நடைப் பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மெதுவா குடிப்பா, மடக் மடக்னு குடிக்காத" என்றார். என்ன தோன்றியதோ, கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 43. நாலால் பெருக்கினால் 172. ஆப் அப்போதும் 132 என்று காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றிச் சமையலறையில் இருந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சுற்றிக் கட்டினேன். சில விநாடிகள். 132. கேனுக்கு இரண்டாம் ஜோன்! கொரோனா நேரத்தில் பேனாவைச் செருகினால்கூட ஆக்சிஜன் அளவு காட்டிய போலிக் கருவிகளின் வீடியோ சுற்றியதே, அந்த ரகம். நிஜமான பட்டை என்றால் உள்பக்கத்தை ஈரமாக்கித் தோலோடு ஒட்டிக் கட்டினால்தான் ஒழுங்காகப் படிக்கும்.

அப்புறம்தான் அட்டவணையை நிதானமாகப் பார்த்தேன். அதில் என் உச்சத் துடிப்பு, அதாவது இதயம் ஒரு நிமிஷத்தில் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய அளவு, 196 என்று போட்டிருந்தது. 220-இல் வயதைக் கழிக்கிற பழைய கணக்கில் எனக்கு 178தான் வரும். 196 யாருக்கு வரும்? 24 வயதுக்காரனுக்கு. எவனோ ஒரு பையனுக்குப் போட்ட அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதன்படி கடின ஓட்டத்துக்கான நான்காம் ஜோன் 157 முதல் 176 வரை. என் உச்சமே 178! அப்பாவின் பைபாஸைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தானே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கேட்டேன். முதல் வாரம், "அண்ணா, புது பட்டை அனுப்பறோம்." இரண்டாம் வாரம், "சார், டெக்னிக்கல் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கோம்." கால் எடுப்பதில்லை. மூன்றாம் வாரம் வேறு எண்ணில் இருந்து, "டியர் கஸ்டமர், அனுப்பிய தேதியிலிருந்து 7 நாட்களுக்குள் மட்டுமே திரும்பப் பெறப்படும்." பார்சல் என் கைக்கு வரவே 11 நாள் ஆயிற்று, அதற்குள் எப்படி ஐயா திருப்பி அனுப்புவது? பதில் இல்லை, நீல டிக் மட்டும். தண்ணீர் கேன் வீடியோவை நேற்று அனுப்பினேன். பிளாக். அண்ணாவில் தொடங்கி டியர் கஸ்டமர் வழியாக பிளாக் வரை வர மூன்று வாரம், 14,500 ரூபாய்.

டாக்டரிடம் போய் ஈசிஜி, ட்ரெட்மில் டெஸ்ட் இரண்டும் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார். அந்தச் செலவு தனி.

உருப்படியாக ஒரு பயிற்சி முறை எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டை வாங்கினால் முதல் நாளே கேனில், தலையணையில் கட்டிப் பாருங்கள், எண் காட்டினால் குப்பை. விரலால் எண்ணிய கணக்கோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் உச்சத் துடிப்பு எவ்வளவு போட்டிருக்கிறது, உங்கள் வயதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 220 கணக்கேகூட ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய வரும், அது வேறு கதை. வீட்டில் இதய நோய் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஓட இறங்காதீர்கள். நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயருக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அன்றைக்கே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நான் இன்று காலைதான் அழைத்தேன், "இவ்வளவு நாள் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன்.

புகார் நடப்பதால் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி மஞ்சள் கவரில் பட்டை வந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.