பி.எஸ்சி. நர்சிங் படிப்பு: பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் பணியாற்றியபின் ஒரு மதிப்பீடு

மதுரை நகருக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ள ஒரு தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். பட்டம் வழங்கியது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1988 முதல் இயங்கிவரும் இப்பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதிலுமுள்ள மருத்துவ, பல் மருத்துவ, மருந்தியல், செவிலியக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருப்பதால், அதன் மாணவர்களில் பலர் கிண்டியிலுள்ள அதன் வளாகத்தைப் பார்க்காமலேயே படித்து முடித்துவிடுகிறார்கள். பாடத்திட்டம், வினாத்தாள், தேர்ச்சி விதி எல்லாம் அனைவருக்கும் ஒன்றே. கல்லூரிக்குக் கல்லூரி உண்மையில் மாறுவது, மாணவர்களைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான். கலந்தாய்வுக்குச் செல்பவர்கள் கட்டடத்தையும் கல்லூரிப் பேருந்தையும் விசாரிக்கிறார்களே தவிர, இதை விசாரிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

எங்களுக்குப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், போஸ்டிங் கிடைத்தது. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்கள் வந்து சேரும் இடம் அது. பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுக்க வேண்டும் என்பது பாடநூலில் ஒரு பத்தி. அதைச் செலுத்தியபின் மூச்சுக்குழாயில் சளி வற்றுகிறதா, சுருங்கிய கண்பாவை விரிகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று இரவு முழுவதும் குறித்து, அளவு மிஞ்சிப் பிதற்றத் தொடங்கினால் உடனே மருத்துவரை அழைப்பது வார்டில் நின்றவருக்கு மட்டுமே வரும் அறிவு. அரளி விதை தின்றவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்; ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு எந்த நேரத்திலும் குலையலாம் என்பதால், நோயாளியின் பேச்சை நம்பாமல் மானிட்டரை நம்பவேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் வயிற்றிலும் தொடையிலும் குத்துப்பட்டு வருபவர்களைப் பார்த்த மாணவிக்கு, 'ஷாக்' எனப்படும், இரத்த ஓட்டம் சரிந்துவிடும் அதிர்ச்சி நிலையின் அறிகுறிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இருப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரிய மருத்துவமனைக்குப் பல கல்லூரிகள் மாணவர்களை அனுப்புகின்றன. ஒரு கட்டிலைச் சுற்றி நாலைந்து வெள்ளைக் கோட்டுகள் நிற்கும்போது, சிறுநீர்க் குழாய் பொருத்தும் வாய்ப்பு ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் பார்த்துவிட்டு லாக் புக்கில் எழுதிக்கொள்வார்கள். பிரசவ அறையில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்குச் சென்ற என் தோழிகள், அரிய நோய்களைக் காணாவிட்டாலும், கையால் செய்த வேலையில் எங்களைவிட முன்னே இருந்தார்கள். இரண்டும் கலந்து அனுப்பும் கல்லூரியே நல்லது என்பது என் கருத்து.

கேர் பிளான் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நோயாளியை மதிப்பிடுதல், செவிலியச் சிக்கலைக் கண்டறிதல், இலக்கு, திட்டம், செயல், விளைவு என்று கட்டம் போட்டுக் கையால் எழுதிக் குவிக்கும் இந்த ரெக்கார்டு வேலையை மாணவிகள் அனைவரும் சபிப்பார்கள், நானும் சபித்தேன். எங்கள் கல்லூரியில் உள்ளடக்கத்தைவிட அட்டையின் அலங்காரத்துக்கும் வண்ணப் பேனாவுக்கும் மதிப்பெண் விழுந்தது வீண்வேலைதான், அதில் இன்றும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியை ஒப்படைக்கும்போது, எந்த நோயாளிக்கு இப்போது எது முதன்மையான ஆபத்து, அதற்கு என்ன செய்திருக்கிறோம், அடுத்து எதைக் கவனிக்கவேண்டும் என்று தடுமாறாமல் சொல்லவருவது அந்தக் கட்டங்கள் வழியே வந்த பழக்கம்தான்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முதலாண்டின் உடற்கூறியல் கடினமாக இருக்கும். இரண்டாம் ஆண்டுக்குள் பழகிவிடும். வருகைப்பதிவில்தான் அதிகக் கவனம் தேவை. தேர்வெழுத எழுத்துப் பாடத்திலும் செய்முறையிலும் எண்பது விழுக்காடு போதும். ஆனால் பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சி நூறு விழுக்காடு நிறைவடைய வேண்டும். அம்மை கண்டு விடுப்பு எடுத்தாலும், அக்காள் கல்யாணத்துக்கு எடுத்தாலும், விட்ட நாளை வார்டில் நின்று ஈடுகட்டியாக வேண்டும்.

நான் படித்தது ஆண்டுத் தேர்வு முறை. இந்திய செவிலியக் குழுமம் 2021இல் அறிவித்த புதிய பாடத்திட்டம் படிப்பை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, கடைசிப் பருவத்தை முழுநேர மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறது. அம்முறையில் படித்து எங்கள் பிரிவுக்கு வரும் இளையவர்கள் பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓரளவு நிதானத்தோடு நடந்துகொள்வதைக் காண்கிறேன். இறந்தவரின் குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் பழைய முறையைப் போலவே இதுவும் போதுமான அளவு பழக்குவதாகத் தெரியவில்லை.

பட்டம் கையில் வந்ததும் மாநில செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாமல் பணி இல்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. அதில் வென்றாலும் தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான், நிரந்தரப் பணிக்குக் காத்திருப்பு நீளும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. மாநிலப் பல்கலைக்கழகப் பட்டத்தின் பயன் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தெளிவாகத் தெரியும். அங்குள்ள குழுமங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேர வகுப்பு, எத்தனை மணிநேர வார்டுப் பயிற்சி என்று கேட்கும். பாடத்திட்டம் பொதுவானது என்பதால் அந்த விவரத்தை நிறுவுவது எளிது. ஆனால் வார்டுப் பயிற்சி மணிநேரத்துக்குக் கல்லூரியே கையொப்பமிட்டுத் தரவேண்டியிருப்பதால், படிக்கும் காலத்திலேயே போஸ்டிங் அட்டவணையையும் லாக் புக்கையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பத்தாண்டுகள் கழித்துக் கல்லூரி அலுவலகத்தில் அவற்றைத் தேடச் சொல்லிப் பயனில்லை.