செம்புக் கேபிளா, முலாம் கேபிளா, லித்தியம் பெட்டியா? செல்ஃப் எடுக்காத காருக்கு எது கைகொடுக்கும்

பேட்டரி இறங்கிய காரை இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்ய உதவுவது ஜம்பர் கேபிள். அதன் பாக்கெட்டில் ‘500 ஆம்ப்’, ‘1000 ஆம்ப்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பி என்ன உலோகம், எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதுதான் கணக்கு. மேலே ரப்பரை எவ்வளவு தடிமனாகவும் போர்த்தலாம்.

மலிவான கேபிள்களில் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம்தான். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 2.5 மீட்டர் கேபிள் என்றால், சிவப்பில் போய்க் கறுப்பில் திரும்ப 5 மீட்டர். 6 சதுர மி.மீ. முலாம் கம்பி அந்தத் தூரத்திலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். 12.5 வோல்ட்டில் மிஞ்சுவது 9 சொச்சம், அதுவும் கொடுக்கிற பேட்டரி தளராமல் நின்றால். செல்ஃப் ‘டிக் டிக்’ என்று தட்டும், இன்ஜின் சுற்றாது, கேபிள் கையைச் சுடும். அதே நீளத்தில் 16 சதுர மி.மீ. செம்பு இழப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டீசல் வண்டிக்கு 25 சதுர மி.மீ. எடுங்கள்.

கிளிப்பையும் திறந்து பாருங்கள். பலவற்றில் ஒரு தாடைக்கு மட்டும்தான் கம்பி போகும், மறுதாடை சும்மா பிடிமானத்துக்கு. செம்பு வெல்டிங் கேபிளை வெட்டி, நல்ல கிளிப்பை கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) வாங்குவது இதைவிட உருப்படியான வழி.

லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் என்பது உள்ளேயே பேட்டரி வைத்த சின்னப் பெட்டி, அதற்கு இன்னொரு கார் வேண்டாம். தனியாக இரவுப் பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் செல் கெடும், உப்பும். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் பல பெட்டிகள் அதை அடையாளமே காணாது. பூஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் பாயும், ஆனால் அப்போது தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பு பலவற்றில் வேலை செய்யாது. டிக்கியில் வருடக்கணக்கில் மறந்துகிடந்தாலும் கைவிடாதது செம்புக் கேபிள்தான். எங்கள் ஓட்டு அதற்கே.

கேபிள் மாட்டும் வரிசை: இரண்டு வண்டியும் ஆஃப், ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி கிளிப் இறங்கிய பேட்டரியில் அல்ல. அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். இரண்டும் சந்தித்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும்.

நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மற்றதில் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 5 வினாடி, இடையில் ஒரு நிமிடம். கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

பிளஸ், மைனஸ் மாறினால் மெயின் ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) டயோடு, சில நேரம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் போய்விடும். 24 வோல்ட் லாரி, பஸ்ஸிலிருந்து எடுக்கவே கூடாது. உப்பிய, வெடிப்பு விட்ட பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். ஹைப்ரிட் கார் என்றால் முதலில் கையேட்டைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 13-க்குக் கீழேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். நேராக எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், வழியில் எங்கும் ஆஃப் செய்யாமல்.