ஆய்வகச் சுவரில் தனிம வரிசை அட்டவணை: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மாட்டியிருக்கும், லேமினேட் செய்த தனிம வரிசை அட்டவணையைப் பற்றிய அனுபவம் இது. சார்ட் வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் அளவையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் தரம்பார்த்தலுக்கு (கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனைக்கு) மோர் உப்பை, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை, எடைபோடப்போகும் மாணவர் நிமிர்ந்து தேடுவது, குறியீட்டுக்குக் கீழே உள்ள அணு எடையைத்தான். அந்த எண் இதில் கடைசி மேசைவரை தெளிவாகத் தெரிகிறது. இரும்பு 55.845, சல்பர் 32.06 என்று படித்து, ஆறு மூலக்கூறு படிக நீரையும் சேர்த்து, மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) 392.1 என்று மாணவர்களே கணக்கிட்டுவிடுகிறார்கள்.

கற்பித்தலுக்கு இந்த அட்டவணை கைகொடுப்பது, ஏறிக்கொண்டே போகும் எடை வரிசை தலைகீழாகும் இடங்களில்தான். ஆர்கான் 39.95, அதற்கு அடுத்த பொட்டாசியம் 39.10, டெல்லூரியம் 127.60, அடுத்த அயோடின் 126.90. 1869இல் அட்டவணையை வெளியிட்ட மெண்டலீவ், அயோடினின் பண்புகள் குளோரின், புரோமின் ஆகியவற்றோடு ஒத்துப்போவதைக் கண்டு அதை டெல்லூரியத்துக்குப் பின் வைத்தார். டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பார்கள் என்றும் கருதினார். அளவீட்டில் அப்படிப் பிழை இருக்கவில்லை. வரிசையைத் தீர்மானிப்பது அணு எண்தான் (அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) என்பதற்கு 1913இல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் ஆய்வு சான்று தந்தது. ஆர்கானின் எடை கூடியதற்கான காரணத்தைச் சொல்லும்போது வகுப்பே கவனிக்கும்: பூமியின் பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 (நிறை எண் 40 உள்ள பொட்டாசியம் அணு) சிதைந்து உருவான ஆர்கான்-40தான் காற்றிலுள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதாவது, பக்கத்துக் கட்டத்துத் தனிமமே இதன் எடையை உயர்த்தியிருக்கிறது.

குறை என்று பார்த்தால், மதிப்புகள் எந்த ஆண்டுக்குரியவை என்ற குறிப்பு எங்கும் இல்லை. துத்தநாகத்துக்கு இன்னும் 65.39 என்றே இருக்கிறது. 2007 முதல் ஏற்கப்பட்ட மதிப்பு 65.38. பள்ளிக் கணக்கில் இதனால் விடை மாறாது என்றாலும், அச்சிட்டவர்கள் பழைய பட்டியலைச் சரிபார்க்கவில்லை என்பது தெரிகிறது. லித்தியத்துக்கு 6.94 மட்டுமே தரப்பட்டுள்ளது. இயற்கை மாதிரிகளில் அது 6.938 முதல் 6.997 வரை மாறுவதால், ஐ.யு.பி.ஏ.சி. (சர்வதேச வேதியியல் அமைப்பு) அதை ஓர் இடைவெளியாகவே வெளியிடுகிறது. டெக்னீசியத்துக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள 98, ஓர் ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தில் நிறை வேறுபடும் அணுவகையின்) நிறை எண் மட்டுமே. அட்டவணையில் விளக்கம் இல்லாததால் ஒவ்வோர் ஆண்டும் அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

2016இல் பெயரிடப்பட்ட நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசன் ஆகிய நான்கும் இதில் தற்காலிகப் பெயர்களோடு இருந்தன. அவற்றின் மேல் சீட்டு ஒட்டினோம். தாள் இன்னும் கிழியவில்லை, சிவப்பு மட்டும் வெளிறியிருக்கிறது. மாற்றும் நேரம் வரும்போது, அணு எடைகள் எந்த ஆண்டுப் பட்டியல்படி என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையையே கேட்டு வாங்குவேன். நிறம் எதுவானாலும் சரி.