'ஃபுல் ரீபில்ட்' ஆன பக்கியா? டிஃப்பைத் திறந்து பார்க்காமல் டிராக்கில் இறக்காதீர்கள்

1/8 அளவு எலெக்ட்ரிக் ரிமோட் கண்ட்ரோல் பந்தயக் காரான பக்கி ஒன்றை டிரைவ்டிரெய்ன் (மோட்டார் சக்தியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகங்கள்) சர்வீஸுக்குக் கொடுத்து ஏமாந்த விவரம் இது. சீட்டில் எழுதிக் கொடுத்தது: மூன்று டிஃப்பும் (டிஃபரன்ஷியல்: சக்தியைப் பகிர்ந்து, சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) ரீபில்ட், ஆயில் முன் 7,000, நடு 7,000, பின் 3,000 சிஎஸ்டி (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு, எண் கூடினால் கெட்டி), புது ரிங் கியர் (டிஃப்பின் பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்), ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) சரிபார்ப்பு. கூலி முன்கூட்டியே முழுசாக வாங்கிவிட்டார்கள். செய்தவர் பெயர் வேண்டாம், இப்படி வேலை செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் காட்டிக்கொடுத்தது நடு டிஃப். வளைவிலிருந்து த்ராட்டில் கொடுத்ததும் முன் டயர்கள் வெறுமனே சுழன்று ஊதிப் பெருத்தன. நடு ஆயில் இளசாக இருந்தால் சக்தி எடை குறைந்த முன்பக்கமே ஓடிவிடும். கழற்றி, டிஃப்பின் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்டிரைவ் முனையைத் திருப்பினால் மூன்றும் ஒரே இளக்கம். 7,000-க்கும் 3,000-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஒரே பாட்டிலை மூன்றிலும் ஊற்றியிருக்கிறார்கள்.

பின் டிஃப்பில் ஆயில் விளிம்பு வரை. உள்ளே சிறு பல்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு ஊசி லேசாக மூழ்கும் அளவே போதும். குமிழி அடங்கும்வரை வைத்திருந்து, குறைந்தால் தொட்டு நிரப்பி, பிறகுதான் மூட வேண்டும். தளும்ப ஊற்றினால் சூட்டில் விரிந்து ரப்பர் ஓ-ரிங் வழியாகக் கசியும். அவுட்டிரைவைச் சுற்றி எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தால் அதுதான் காரணம். ஓ-ரிங்கும் பழசு, கேஸ்கெட்டும் பழசு. இதற்குப் பெயர் ரீபில்டாம்!

பெரிய அநியாயம் ஷிம்மில். டிஃப்பைப் பெட்டியில் வைத்துப் பக்கவாட்டில் அசைத்தால் 'டக் டக்' என்று ஆடியது. ரிங் கியரின் முதுகுப் பக்கம் ஷிம் போட்டால் பல் பினியனை நெருங்கும், எதிர்ப்பக்கம் போட்டால் விலகும். 0.1 மி.மீ. ஷிம்மாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எங்கும் இறுகக்கூடாது, பல் இடைவெளி உணரும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். கேட்டதற்கு வந்த பதில், "நாலு ரவுண்டு ஓட்டினா செட் ஆயிடும்." புதுக் கியர் மயிரிழை இறுக்கமாக இருந்தால் ஓடி ஓடி இளகும், உண்மைதான். தளர்வாக இருப்பது ஒருநாளும் இறுகாது. பல் நுனியிலேயே சுமை விழுந்து உதிரும்.

மோட்டார் பினியனின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு ஸ்க்ரூ) ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கத்தில் உட்காரவே இல்லை, த்ரெட்லாக்கும் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூக்களில் தாராளமாகத் தடவியிருந்தார்கள். அது பிளாஸ்டிக்கில் விரிசல் விட வைக்கலாம். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டுமே அது, அதுவும் நீல நிற வகை.

சர்வீஸிலிருந்து வண்டியை வாங்கும்போது அங்கேயே தூக்கிப் பிடித்து மெல்ல த்ராட்டில் கொடுங்கள். ஒரு ஆக்சில் மட்டும் பின்னோக்கிச் சுற்றினால் அந்த டிஃப்பைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, முன் சென்டர் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முன் சக்கரத்தைத் திருப்புங்கள். மற்றது எதிர்த்திசையில், சொரசொரப்பில்லாமல் திரும்ப வேண்டும். பின்பக்கமும் அப்படியே பாருங்கள். இதுபோல் முன் ஆயில் கெட்டியாகவும் பின் ஆயில் இளசாகவும் கேட்டிருந்து, பின்சக்கரத்தில் இளக்கமும் முன்சக்கரத்தில் கூடுதல் பிடிப்பும் தெரியாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

சீட்டில் ஆயில் அளவு சிஎஸ்டியா டபிள்யூடியா ('வெயிட்' என்னும் வேறொரு கெட்டித்தன்மை அளவு) என்று எழுதி வாங்குங்கள், இரண்டும் ஒன்றல்ல. கழற்றிய பழைய ஓ-ரிங், கேஸ்கெட்டைக் கையில் கேளுங்கள். மூடிய ஒவ்வொரு டிஃப்பையும் 0.1 கிராம் தராசில் எடைபோட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை துடைத்துவிட்டுப் போடும்போது எடை குறைந்திருந்தால், எந்த டிஃப் ஒழுகுகிறது என்று திறக்காமலே தெரிந்துவிடும்.